எருமைத்தோல் புஷ்ஷில் திருப்பதி வரை

காரின் பின்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றுவது எப்படி என்று இதில் எழுதப்போவதில்லை. ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். தொழிலுக்கு வந்த இரண்டாவது மாதத்தில் உங்கள் எல்லோருக்கும் அது கைவந்துவிடும். கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். வண்டிக்காரரும் அவர் வீட்டாரும் தெருவில் பாதிப் பேரும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது என்ன முடிவெடுப்பது என்பதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன்.

நான் மெக்கானிக்காகத் தொடங்கியவன் அல்ல. சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குச் சித்தூர் ஜில்லாவிலிருந்து ஐந்து வருஷம் செய்தி அனுப்பினேன். தனி ஆந்திரா வந்தது. அதன்பின் எல்லைப் பேச்சு வந்தது. எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று விசாரித்துக்கொண்டு, பத்திரிகை கொடுத்த பழைய காரில் நகரிக்கும் சத்தியவேட்டுக்கும் அலைந்தேன். அந்தக் கார் வாரத்துக்கு இரண்டு முறை வழியில் நின்றது. நானே பிரித்து நானே மாட்டினேன். செய்தியைவிட வண்டி எனக்கு நன்றாக வருகிறது என்று புரிந்ததும் புத்தூரில் பட்டறை போட்டேன். பத்திரிகை ஆபீசிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தது ஒரு கேள்வி மட்டும்தான். டிரங்க் காலில் நான் எந்தச் செய்தி சொன்னாலும் எங்கள் செய்தி ஆசிரியர் முதலில் கேட்பது இது: “பார்த்ததா, கேட்டதா?”

அந்தக் கேள்வியை என்னிடமே கேட்டுக்கொள்ள மறந்த கதை ஒன்று உண்டு. பட்டறை போட்ட புதிதில் திருப்பதி டாக்டர் ஒருவருடைய காருக்குப் பின் ஷாக் இரண்டும் மாற்றினேன். ஒரே மாதத்தில் அவற்றின் ரப்பர் புஷ்கள் கிழிந்துவிட்டன. ஷாக்கின் இரு நுனியிலும் இருக்கும் வளையத்துக்குள் போல்ட்டைச் சுற்றி உட்காருவது அந்தப் புஷ். இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளாமல் அதுதான் அடியைத் தாங்குகிறது. சரக்கு மட்டம் என்று சென்னைக் கடைக்குக் காரமாக எழுதினேன். ஒரு வரியில் பதில் வந்தது: “போல்ட்டை முறுக்கியபோது வண்டி தரையில் நின்றதா, ஜாக்கியில் தொங்கியதா?”

தொங்கியது. தொங்கும்போது முறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதுமே புஷ் திருகிக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிகிறது. டாக்டரிடம் போய்த் தப்பு என்னுடையது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தேன். நான் பார்க்காததைப் பார்த்ததுபோல எழுதிய கடைசிக் கடிதம், அந்தச் சென்னைக் கடைக்கு எழுதியதுதான்.

இனி நகரிக்கு வருகிறேன்.

எல்லை முடிவாகி, நகரி ஆந்திராவிலேயே இருக்கும் என்று ஆன மறு வருஷம். நெசவாளர் தெருவில் கன்னியப்பன் என்று ஒருவர், சொந்தமாகப் பத்துப் பன்னிரண்டு தறி வைத்திருந்தவர். அவரிடம் ஒரு கறுப்புக் கார் இருந்தது. அவருடைய தங்கை இந்திராணி அங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவுக்குத் தலைமை ஆசிரியை. தமிழ்ப் பிரிவில் பெயர்கள் ஏட்டில்தான் இருக்கின்றன, பிள்ளைகள் இல்லை என்று யாரோ மேலே மொட்டை மனு போட்டிருந்தார்கள். கல்வி அதிகாரி திருப்பதியில் முகாம் போட்டிருந்தார். சேர்க்கைப் பதிவேட்டோடு, அதில் கையெழுத்துப் போட்டவரே குறித்த நாளில் மூன்று மணிக்குள் நேரில் வரவேண்டும். வராவிட்டால் பிரிவு மூடப்படும் என்று தாக்கீது வந்தது.

தாக்கீது வந்தபோது இந்திராணி டீச்சர் மார்பிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். பள்ளிப் படியில் விழுந்து முதுகெலும்பில் விரிசல். நிற்கலாம், நாலடி நடக்கலாம், குனியவோ உட்காரவோ கூடாது. ரயில் பெட்டியில் ஏற்றி இறக்குவதை நினைத்தே பார்க்கக் கூடாது என்று அவருக்குக் கட்டுப் போட்ட டாக்டர் சொல்லிவிட்டார். காரில் படுத்தபடி போகலாம், ஆனால் வண்டி தூக்கிப்போடக் கூடாது. தூக்கிப்போட்டால் விரிசல் பிளவாகும். கால் இரண்டும் போய்விடலாம்.

கன்னியப்பன் கார் சிறு கல்லில் ஏறினாலே குதிரைபோலத் துள்ளும். பின் ஷாக் இரண்டும் செத்து மாதங்கள் ஆகியிருந்தன. ஊரில் இருந்த இன்னொரு கார் கல்யாணத்துக்குப் போயிருந்தது. கன்னியப்பன் சென்னைக்குத் தந்தி கொடுத்துப் புது ஷாக் இரண்டு வரவழைத்தார். அது வந்து சேர்ந்ததே தாக்கீதில் குறித்திருந்த நாள் காலை ரயிலில்தான். நான் முதல் பஸ்ஸில் கருவிப் பெட்டியோடு போய் இறங்கினேன்.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகும் பேச்சே இல்லை. தெரு நீளத்துக்கும் தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். நூல் காய்ந்து அவர்களாகச் சுருட்டும்வரை அந்தத் தெருவில் ஆடுமாடுகூடக் குறுக்கே போகாது. கன்னியப்பன் வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டேன்.

பழைய ஷாக்கைக் கழற்றியதும் ரப்பர் புஷ் கையோடு வந்தது. ஊறவைத்த பயறுபோல உப்பி, நசுக்கினால் கூழாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். கடலை எண்ணெய் வாசனை.

“இதுல யாரு எண்ணெய் ஊத்தினது?”

“யாரும் கையே வைக்கல நைனா,” என்றார் கன்னியப்பன். “வாங்கினது வாங்கினபடி இருக்குது.”

உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது. “வெள்ளிக்கிழமை ஆனா கிண்ணத்துல எண்ணெய் எடுத்துக்கினு வண்டிக்குக் கீழ பூந்தது யாருண்ணா? பக்கத்து வீட்டுக்காரரா?”

கன்னியப்பன் தோள் துண்டை எடுத்து மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். “தறியில அடி வாங்கற சாமானுக்கு எண்ணெய் காட்டலன்னா வெடிச்சிடும். இதுவும் அடி வாங்கற சாமான்தானே. நல்லதுன்னு பண்ணேன்.”

அவர் சொன்னதில் பாதி சரி. தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அடித்துத் தள்ளுவது எருமைத்தோலில் செய்த ஒரு சின்னக் கட்டை, பிக்கர் என்பார்கள். அதை எண்ணெயில் ஊறப்போட்டுத்தான் பூட்டுவார்கள். தோலுக்கு எண்ணெய் உயிர். ரப்பருக்கு விஷம். நெசவாளர் தெருவைத் தவிர வேறு எங்கேயும் இந்தத் தப்பை யாரும் செய்திருக்க முடியாது.

சரி, புது புஷ் போட்டால் தீர்ந்தது என்று பார்சலைப் பிரித்தேன். ஷாக் இரண்டு இருந்தன. புஷ் ஒன்றுகூட இல்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். வைக்கோல் விழுந்தது.

மணி எட்டேமுக்கால். புத்தூரில் என் பட்டறையில் அந்த அளவில் புஷ் கிடையாது. சென்னையிலிருந்து அடுத்த ரயில் சாயங்காலம்.

“லாரி டியூப வெட்டிச் சுத்திடு,” என்றார் கன்னியப்பன். “எல்லாரும் அதானே பண்றாங்கோ.”

பண்ணுகிறார்கள்தான். நானும் பண்ணியிருக்கிறேன். டியூப் ரப்பர் மெல்லியது. இரும்புக்கு நடுவில் மசிந்து ஐந்து மைலில் கந்தலாகும். பிறகு இரும்போடு இரும்பு இடிக்கும். அரிசி மூட்டை போகிற வண்டிக்கு அது போதும். முடியாது என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். கைவசம் இருப்பதை வைத்து ஏதாவது செய் என்று எல்லோரும் சொல்வார்கள். ‘ஏதாவது’ செய்வதைவிட, முடியாது என்று சொல்லிவிட்டு இரண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பது மேல்.

அந்த இரண்டு நிமிஷத்தில்தான் உள்ளேயிருந்து டீச்சர் கேட்டார்.

“மெக்கானிக் சார், அந்த ரப்பருக்கு அங்க இன்னா வேலை?”

“அடிய வாங்கிக்கணும்மா. இரும்பும் இரும்பும் மோதிக்காம நடுவுல இருக்கணும். கொஞ்சம் அமுங்கணும், ஆனா பிய்யக் கூடாது.”

“தறியில அந்த வேலைய யாரு பண்றது?”

நானும் கன்னியப்பனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் உள்ளே போய் எண்ணெய்ச் சட்டியிலிருந்து ஏழெட்டுப் பிக்கர்களை அள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் நடுவில் ஏற்கெனவே ஒரு துளை இருந்தது. தறியில் அது ஒரு கம்பியில் ஓடவேண்டும் அல்லவா. ஷாக் போல்ட் அந்தத் துளையில் கொஞ்சம் இறுக்கமாக நுழைந்தது. வெளிப்பக்கத்தை வளையத்துக்குத் தக்கபடி உருட்டி வெட்டினால் போதும். கன்னியப்பனே தோல் உளியை எடுத்து உட்கார்ந்தார். நான் வெட்டியிருந்தால் நாலில் மூன்று வீணாகியிருக்கும்.

“எண்ணெயில ஊறினது. இதுக்கும் எதாவது ஆகுமா?” என்றார், வெட்டிக்கொண்டே.

“இதுக்கு ஆகாது.”

“அப்போ நான் பண்ணது தப்பில்ல. சாமான்தான் தப்பு,” என்றார்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு, “அய்யோ, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது.”

பத்து மணிக்கு இரண்டு ஷாக்கும் ஏறிவிட்டன. டாக்டர் கார் ஞாபகம் வந்தது. போல்ட்டை முழுக்க முறுக்காமல், சக்கரம் பூட்டி, ஜாக்கியை இறக்கினேன். பின் சீட்டில் ஆள் பாரம் வேண்டும் என்று கன்னியப்பனை உட்காரச் சொன்னேன்.

“நான் உக்கார்ந்தா டீச்சருக்குச் சமமாயிடுமா?”

“ரெண்டு டீச்சர் ஆகும்,” என்றது உள்ளே இருந்த குரல்.

அவர் உட்கார்ந்திருக்க, நான் கீழே படுத்து நான்கு போல்ட்டையும் முறுக்கினேன். பத்தரைக்குப் பாவைச் சுருட்டினார்கள். தெரு திறந்தது.

இனி டீச்சரைப் படுக்கவைத்துப் புறப்படலாம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் எருமைத்தோல் புஷ் நன்றாக வேலை செய்யும் என்பது அதுவரை நான் கேட்டதுதான், பார்த்ததில்லை. ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கேட்டேன். பின் சீட்டில் ஒரு பலகை போட்டு, விளிம்பு தட்ட நிரப்பிய சொம்பை அதன்மேல் வைத்து, கன்னியப்பனைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். சொம்பைப் பிடிக்கக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும் என்றேன். தெருக் கோடியில் ஒரு கால்வாய்ப் பாலம் இருக்கிறது. ஏறும்போது ஒரு மேடு, இறங்கும்போது ஒரு பள்ளம். மெதுவாக ஏறி இறங்கினேன். வண்டி இரண்டு முறை துள்ளியது. திரும்பிப் பார்த்தேன். சொம்பில் பாதிதான் இருந்தது. கன்னியப்பன் வேட்டி நனைந்திருந்தது.

“தோலு தோலுதான் நைனா. ரப்பர் ஆவுமா?” என்றார்.

வாசலில் கூடியிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊரில் திருட்டு நடந்தால் நேற்று வந்தவன்மேல்தான் முதல் சந்தேகம் விழும். பத்திரிகையில் இருந்தபோது அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் அந்த ஆள் நிரபராதியாகவே இருப்பான். அதனால் தோலை விட்டுவிட்டு, அன்று காலை நான் எதைச் செய்யவில்லை என்று வரிசையாக யோசித்தேன்.

கிடைத்துவிட்டது. ஷாக் இரண்டும் ரயிலில் படுக்கைவாக்கில் வந்தவை. படுத்திருந்தால் உள்ளே எண்ணெய் இருக்கவேண்டிய இடத்தில் காற்று புகுந்துகொள்ளும். பூட்டுவதற்குமுன் நிமிர்த்திப் பிடித்து, கையால் ஐந்தாறு முறை இழுத்து அமுக்கவேண்டும். நூறு தடவை செய்த வேலை. எருமைத்தோல் கிடைத்த சந்தோஷத்தில் அதை விட்டுவிட்டேன். கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்த நாளில்தான் சாதாரண வேலை மறந்துபோகும். இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மணி பதினொன்று ஆகப்போகிறது. அப்படியே ஓட்டினால் ஏழெட்டு மைலில் காற்று தானாகவே வெளியேறிவிடும். ஆனால் நகரியிலிருந்து புத்தூர் போகிற அந்த மைல்கள்தான் வழியிலேயே மோசமானவை. மறுபடி கழற்றினால் முக்கால் மணி நேரம் போகும். திருப்பதி முப்பது மைலுக்குச் சற்று மேல். நோயாளியோடு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். கணக்கு இடித்தது.

கன்னியப்பனிடம் மறைக்காமல் சொன்னேன். “தப்பு என்னுது. தோலு மேல இல்ல. கழட்டி மாட்டணும்.”

அவர் உள்ளே போய்த் தங்கையிடம் சொன்னார். திரும்பி வந்து, “லேட்டானா பரவாயில்ல, அந்த அதிகாரி கெளம்புறதுக்குள்ள போய் வாசல்ல நின்னாக்கூடப் போதும், ஆனா நடந்து உள்ள போற மாதிரி என்னைக் கொண்டுபோய் விடச் சொல்லுங்கறா,” என்றார்.

ஜாக்கி மறுபடி ஏறியது. இந்த முறை கன்னியப்பன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கழற்றிய ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து இழுத்தேன். முதலில் வெறும் காற்றாக வந்து, நாலாவது இழுப்பில் கனத்தது. கெட்டி மோரில் மத்தை இழுப்பதுபோல ஒரே சீரான கனம். பூட்டி, இறக்கி, மறுபடி அவரை ஏற்றி உட்காரவைத்து முறுக்கினேன். மறுபடி சொம்பு. மறுபடி பாலம்.

வண்டி ஒருமுறை அமுங்கி எழுந்து நின்றுவிட்டது. நான் திரும்பினேன். பலகையில் உள்ளங்கை அளவு ஈரம். சொம்பு நிறைந்திருந்தது.

“சிந்தல?” என்று கேட்டார் டீச்சர், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி.

“ஒரு கை அளவுதாம்மா.”

“நான் தண்ணிய விடக் கெட்டி. எடுங்க வண்டிய.”

சீட்டில் மெத்தை போட்டு நாலு பேராகத் தூக்கிப் படுக்கவைத்தோம். பதிவேடு அவர் மார்புக் கட்டின்மேல் இருந்தது. பதினொன்றே முக்காலுக்குப் புறப்பட்டோம். புத்தூர்வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் கன்னியப்பன், “வருது, வருது,” என்றார். மூன்றாவது பள்ளத்துக்குப் பிறகு பின்னாலிருந்து, “அண்ணா, பள்ளம் தெரியல, நீ சொல்றதுலதான் தூக்கிப்போடுது,” என்று பதில் வந்தது. வடமாலைப்பேட்டை தாண்டியபோது எருமைத்தோல் லேசாகக் கிறீச்சிட ஆரம்பித்தது. நிறுத்திப் பார்த்தேன். தோல் அப்படியே இருந்தது. தறியிலும் இப்படித்தான் கத்தும் என்றார் கன்னியப்பன், பெருமையோடு.

முகாம் நடந்த பள்ளிக்கூடத்தில் நாங்கள் நுழைந்தபோது மணி இரண்டு பத்து. டீச்சர் தாமே நடந்து உள்ளே போனார். அதிகாரி தலை நிமிராமல், “கூர்ச்சோண்டி,” என்றார்.

“கூர்ச்சோலேனண்டி. நிலபடே செப்தானு.” உட்கார முடியாது, நின்றே சொல்கிறேன் என்றார் டீச்சர்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். மாவுக்கட்டைப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றார். அதன்பிறகு அவரும் உட்காரவில்லை. நியாயமானவர், அதே சமயம் விடாதவர். பதிவேட்டை வாங்கி மூடிவைத்துக்கொண்டு, இடையிடையே ஒரு பக்கத்தைப் பிரித்து ஒரு எண்ணைச் சொல்வார். டீச்சர் அந்தப் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், எந்தத் தெரு, வீட்டில் எத்தனை தறி, மழைக்காலத்தில் எத்தனை நாள் வராது என்று தெலுங்கிலேயே சொன்னார். இருபது இருபத்தைந்து பெயர் ஆனது. ஒரு பெண்ணுக்கு மட்டும், “இவள் போன வாரம் சத்தியவேட்டுக்கு மாமா வீட்டுக்குப் போய்விட்டாள், திரும்பி வருவாளா தெரியாது, பெயரை நீங்கள் அடித்துவிடலாம்,” என்றார்.

அந்த ஒரு பெயரில்தான் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறேன். பொய் ஏடு வைத்திருப்பவர் தாமாக ஒரு பெயரை அடிக்கச் சொல்ல மாட்டார். அதிகாரி பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். தமிழ்ப் பிரிவு தொடரலாம்.

வெளியே வந்ததும் கன்னியப்பன் செய்த முதல் காரியம், காருக்குக் கீழே குனிந்து அந்த நான்கு புஷ்களையும் பார்த்ததுதான். இரண்டாவதாகத்தான் தங்கையைப் பார்த்தார்.

“எப்படிம்மா இருக்குது முதுகு?”

“பசிக்குது,” என்றார் டீச்சர். “எதாவது துன்னுட்டுப் போலாம்.” அவர் மெத்தையில் படுத்தபடியே வண்டி ஜன்னல் வழியாக இட்லி சாப்பிட்டார்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து ரப்பர் புஷ்கள் மன்னிப்புக் கடிதத்தோடு வந்தன. மாற்றித் தருகிறேன் என்று நகரிக்குப் போனேன். கன்னியப்பன் சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே புகுவதை அவர் விடவில்லை. இப்போது அவர் செய்வது சரி. அந்தத் தோல் இரண்டு வருஷத்துக்குமேல் ஓடியது. பிறகு அவரே புதிது வெட்டிப் போட்டுக்கொண்டார்.

டீச்சருக்குக் கட்டுப் பிரித்து, அரைப் பரீட்சை முடிந்த சமயம் ஒரு நாள் என் பட்டறை வாசலில் அந்தக் கார் வந்து நின்றது. டீச்சர் தாமே கதவைத் திறந்து இறங்கி ஒரு காகிதக் கட்டை நீட்டினார். ஐந்தாம் வகுப்பு விடைத்தாள்கள். முதல் கேள்வி: காரில் ரப்பர் செய்யும் வேலையைத் தறியில் செய்வது எது?

ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பிக்கர். பிக்கர். எருமைத்தோல் பிக்கர். ஒரு பெண் மட்டும், ‘எங்கள் நைனா’ என்று தன் அப்பாவை எழுதியிருந்தாள். அதற்கும் முழு மார்க் போட்டிருந்தது.

முப்பத்தோரு தாள்கள். எண்ணிப் பார்த்தேன். அத்தனையும் தமிழில்.